நானூற்று ஐம்பத்து நான்கு கிலோ

பெரியவனுக்கு,

லிஃப்ட் தகட்டில் ஆயிரம் கிலோ என்று எழுதியது நீ. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று தீர்மானம் செய்வதற்குள் மூன்று தாள் கிழித்துப் போட்டேன். நலம் விசாரித்துவிட்டு மெதுவாக அதற்கு வரலாம் என்று ஆரம்பித்தால், நலம் விசாரிப்பதிலேயே தாள் தீர்ந்துபோகிறது. எழுதியாயிற்று. இனி எப்போதும் கேட்பதைக் கேட்கிறேன். நீயும் மருமகளும் குட்டியும் சௌக்கியமா, குட்டிக்கு இருமல் விட்டதா, அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதிப் பார்த்தேன், அது பொய்யாகவும் படவில்லை, உண்மையாகவும் படவில்லை. காய்ச்சல் இல்லை. வேளைக்குப் பசிக்கிறது, சாப்பிடுகிறோம். படுத்தால் தூக்கம் வந்துவிடுகிறது, அதுதான் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அப்பா காலையில் முகம் கழுவிக்கொண்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். கண் டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை நான்தான் விடுகிறேன். கன்னத்தில் வழிவது மருந்துதான். அவரும் அழவில்லை, நானும் அழவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதுவிட்டு, போகும்போது, இப்படிக் கல்லாட்டம் உக்காந்திருக்காதீங்கக்கா, வாய்விட்டு அழுதுடுங்க என்றாள். வரும்போது அழுறேன், நீ டீ ஆறுறதுக்குள்ள குடி என்றேன். உன் குட்டி பிறந்த அன்று நீ போனில் எட்டு என்று சொல்ல, அப்பா அதை எட்டு கிலோ என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாரே, அப்போது, ஏங்க, பொறந்துச்சா, இல்ல நடந்தே வந்துச்சா என்று கேட்டவள் அவள்தான். உன் தம்பி ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எட்டு பவுண்டு என்றால் மூன்று கிலோ அறுநூறுதான் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகும், விடும்மா, எட்டே இருக்கட்டும், கேக்க நல்லாருக்கு என்றான். பவுண்டும் கிலோவும் குழம்பியதால் நம் வீட்டில் அதுவரை சிரிப்புதான் வந்திருக்கிறது.

உன் தம்பி போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். நீ கிடங்கை விட்டுப் போய் எட்டு வருடம் ஆகிவிட்டதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே பிடிபடுகிறது. இரண்டாம் மாடியில் நான் எடை போடும் இடம் அப்படியேதான் இருக்கிறது. அதே தட்டுத் தராசு, வட்டக் கண்ணாடிக்குள் அதே முள், கிலோ மட்டும் காட்டும். கீல் பெட்டியும் தாழ்ப்பாள் பெட்டியும் வந்து உட்கார உட்கார, சீட்டில் ஒரு பக்கம் கிலோ, இன்னொரு பக்கம் பவுண்டு எழுதுகிறேன். ஆபீசுக்கு இரண்டு புள்ளி இரண்டு பூஜ்யம் நாலு ஆறால் பெருக்கி எழுத வேண்டும். சரிபார்க்க என் வழி இருக்கவே இருக்கிறது, இரட்டித்துப் பத்தில் ஒன்றைச் சேர்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். பத்தொன்பது வருடமாக இதைச் செய்வதால் எதைப் பார்த்தாலும் கை தானாகப் பெருக்குகிறது. ஒரு பெட்டி இருபத்திரண்டரை கிலோதான் இருக்க வேண்டும் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு மேல் போனால் ஐம்பது பவுண்டைத் தொட்டுவிடும், அங்கே வாங்குகிற கம்பெனி திருப்பி அனுப்பிவிடும். அங்கே பெட்டியை இறக்குகிறவன் ஐம்பது பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாதாம், இடுப்பு போய்விடுமாம். நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவனுடைய இடுப்புக்காக நான் பத்தொன்பது வருடம் நூறு கிராம், இருநூறு கிராம் என்று கீலை எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். அதே பெட்டிகளை இங்கே நம் பிள்ளைகள் ஒரு தோளில் இரண்டாகத் தூக்குகிறார்கள். அவர்கள் இடுப்பை எந்தக் கணக்கிலும் எழுதச் சொல்லி யாரும் எனக்குச் சீட்டு கொடுத்ததில்லை.

ஆள் எடை மட்டும் நானாக வைத்துக்கொண்ட வழக்கம். மேல் மாடியில் லிஃப்ட்டின் வெளி பட்டன் கெட்டுப்போய் எத்தனை வருடம் ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது, உள்ளே ஒருவன் நின்று பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் இறங்கும், அதனால் சரக்கோடு ஓர் ஆள் போயே ஆக வேண்டும். போகிற ஆளும் பாரம்தானே. மாதத்தின் முதல் நாள் ஒவ்வொருவனையும் தராசில் ஏற்றி நிறுத்தி எழுதி வைத்துக்கொள்வேன், சரக்கு எடையோடு ஆள் எடையையும் கூட்டித்தான் சீட்டு கிழிப்பேன். பையன்களுக்கு அது விளையாட்டு. ஒருவன் ஏறி நின்றால் மற்றவன் பின்னாலிருந்து காலை வைத்து அழுத்துவான். உன் தம்பி ஏறி நின்று மூச்சை இழுத்துக்கொண்டு, குறைச்சு போடும்மா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கணும்ல என்பான். அறுபத்திரண்டு கிலோதான் இருப்பான், குறைக்க அவனிடம் ஒன்றுமில்லை. அந்த மாதமும் அறுபத்திரண்டுதான். அன்றைக்குக் காலையில் கன்டெய்னர் வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. நீ போன மறு வருடம் வந்த சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் விசில் அடித்தே கூப்பிடுகிறவன், அவனுக்குப் பெயரே விசில்தான், அவன் வந்து நாற்பது பெட்டியை ஒரே தடவையில் இறக்கச் சொன்னான். நீ இருந்த காலத்தில் பதினைந்து பெட்டிக்கு மேல் ஏற்றியதில்லை. நீ பலகை எழுதிவிட்டுப் போன பிறகு இருபது ஆயிற்று, அப்புறம் இருபத்தைந்து, போன வருடம் முப்பது. யாரும் ஒரே நாளில் கூட்டவில்லை. லிஃப்ட் கத்தியது. கயிறு மாற்ற வந்த மெக்கானிக், இது பாரம் தாங்காம கத்துதேக்கா என்று என்னிடம் சொல்லிவிட்டு, அண்ணாந்து தகட்டைப் பார்த்துவிட்டு, ஆயிரம் கிலோன்னு போட்டிருக்கே, அப்ப சரி என்று கையைத் துடைத்துக்கொண்டு போனான். அன்றைக்கு நானும் விசிலிடம், நாப்பது ஜாஸ்தியா இருக்கே என்றேன். உங்க பெரிய பையன் கையால எழுதின தகடுதானேம்மா, உங்களுக்கே நம்பிக்கை இல்லையா என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், உன் தம்பியும் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டுதான் கூட்டினேன். சரக்கு தொள்ளாயிரம், ஆள் அறுபத்திரண்டு, மொத்தம் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. ஆயிரத்துக்குள் இருக்கிறது. சீட்டைக் கிழித்து உன் தம்பி கையில் கொடுத்தேன். மடக்கு கேட்டை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. நான் அடுத்த பெட்டியை வைத்துவிட்டு முள் நிற்பதற்காகக் காத்திருந்தேன். முள் நின்றது, இருபத்திரண்டரை. அப்புறம் யாரும் தொடாமலேயே ஆறு கிலோ மேலே போய்விட்டுத் திரும்பி வந்தது. கட்டடம் அசைந்திருக்கிறது. சத்தம் அதற்குப் பிறகுதான் என் காதில் விழுந்தது. மற்றதை நான் எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் அவன் துணியையும் செருப்பையும் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வேலைக்குத் திரும்பிய அன்று அந்தப் பையைத் தராசில் வைத்தேன். மூன்று கிலோ நூறு. ஆறு புள்ளி எட்டு பவுண்டு. எதற்கு வைத்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேலைக்கு எதற்குப் போனாய் என்று நீ கேட்கலாம். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது. பன்னிரண்டாம் நாள் போனேன். லிஃப்ட் இருந்த இடத்தைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள், தகடு மட்டும் வெளியே தெரிந்தது. அதில் நீ எழுதியது இல்லை. வெள்ளைப் பெயிண்ட் இல்லை, ஆயிரம் கிலோ இல்லை. தின்னர் போட்டுத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள், வாசனைகூடப் போகவில்லை. அடியில் பழைய தகடு பளபளவென்று இருந்தது, ஆயிரம் என்று அச்சில் அடித்து, பக்கத்தில் எல், பி என்ற இரண்டு எழுத்து. நான் தினமும் சீட்டின் இரண்டாம் பக்கத்தில் எழுதுகிற அதே இரண்டு எழுத்து. ஆயிரம் பவுண்டு. அதன் முன்னால் நின்று மனதுக்குள் கிலோவாக்கிப் பார்த்தேன். விடை வந்ததும் கை மரத்துப்போனது, இன்னும் சரியாகவில்லை. பாதிக்கும் குறைவு தாங்குகிற பெட்டிக்குள் அவனை எடை போட்டு, கூட்டி, எழுதி அனுப்பியிருக்கிறேன். அதற்கு இரண்டு நாள் கழித்து விசாரணை அதிகாரி வந்தார், ஆபீஸ் அறையில் மேஜை போட்டு உட்கார்ந்தார், முதலாளி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், நாங்கள் நின்றோம். நீங்க தினமும் ரெண்டு அளவையும் எழுதுறவங்க, தகட்டுல பவுண்டுன்னு அடிச்சிருக்கிறது உங்க கண்ணுல படலையா என்று என்னைக் கேட்டார். அதுமேல பெயிண்ட் இருந்துச்சு சார், கிலோன்னு எழுதியிருந்துச்சு என்றேன். இப்ப இல்லையே என்றார். அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெயிண்ட் இருந்ததா என்று மற்றவர்களைக் கேட்டார். கவனிக்கலை சார், கவனிக்கலை சார் என்று வரிசையாகச் சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். என் சீட்டின் நகலை எடுத்துக் காட்டி, ஆயிரம் பவுண்டு லிஃப்ட்டுல ரெண்டாயிரத்து நூறு பவுண்டு ஏத்தியிருக்கீங்க, இது உங்க கையெழுத்துதானே என்றார். ரெண்டாயிரத்து நூத்தி இருபத்தொண்ணு சார் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அப்புறம் நான் சொன்னதையே எழுதிக்கொண்டார்.

மறுநாள் விசில் ஒரு தாளைக் கொண்டுவந்து தராசின் மேல் வைத்தான். டைப் அடித்திருந்தது. லிஃப்ட்டின் அளவு பவுண்டில் உள்ளது என்பதை எடை எழுதுபவர் என்ற முறையில் நான் பாரம் ஏற்றுகிறவரிடம் பலமுறை எச்சரித்தேன், அவர் கவனக்குறைவாக நடந்துகொண்டார், அவ்வளவுதான் அதில் இருப்பது. அடியில் என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. போட்டுக் குடுத்துடுங்கம்மா, பைல் க்ளோஸ் ஆயிடும், உங்களுக்கும் தொந்தரவு இல்ல, வெளிநாட்டுல இருக்கிற உங்க புள்ளைக்கும் தொந்தரவு இல்ல என்றான். உன்னை எதற்கு இதில் இழுக்கிறான் என்று அப்போது யோசித்தேன். பாரம் ஏற்றுகிறவர் என்று உன் தம்பியை யாரும் அதுவரை மரியாதையாக எழுதியதில்லை, கவனக்குறைவு என்று எழுதும்போதுதான் அந்த மரியாதை கிடைத்தது. அவன் கவனக்குறைவானவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். செருப்பை வாசலில் நேராகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வருகிறவன். கேட் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான், அதற்கே விசில் அவனைக் கிழவன் என்று கேலி செய்வான். இப்போது இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டால், அரசாங்கப் புத்தகத்தில் அவன் தன் புத்தி கெட்டுச் செத்தவன். போடாவிட்டால், இல்லாத பெயிண்டை இருந்தது என்று பொய் சொன்னவள் நான். அடுத்த விசாரணை இருபதாம் தேதி.

நீ பேசியதையும் எழுதுகிறேன், மறந்திருப்பாய். முதல் தடவை லீவு தரவில்லை என்றாய், சரி என்றேன். இரண்டாம் தடவை நீயாகவே கூப்பிட்டு, கையெழுத்து போட்டுடுங்கம்மா, எதுக்கு வம்பு, அவன் திரும்பியா வரப்போறான் என்றாய். தாள் வந்து அரை நாள்கூட ஆகவில்லை, நான் உன்னிடம் சொல்லவும் இல்லை, அப்பாவுக்கே தெரியாது. உனக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. தகட்டுல கிலோன்னு நீதானேடா எழுதின என்றுதான் கேட்டேன். சத்தம் கேக்கலம்மா, சிக்னல் இல்ல என்றாய். நான் பேசியது உனக்குக் கேட்டது, நீ மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் இருபத்தாறு நாளாக நீ போனை எடுக்கவில்லை. நடுவில் ஒரு தடவை கை கூப்புகிற படம் ஒன்றை அனுப்பியிருந்தாய். அதை என்ன செய்வது என்று தெரியாமல் அப்பாவிடம் காட்டினேன், அவருக்குக் கண் தெரியவில்லை, என்ன போட்டிருக்கான் என்றார், நல்லா இருக்கானாம் என்றேன். அதனால்தான் கடிதம். ஒப்புதல் கையெழுத்து வாங்கும் தபாலில் அனுப்புகிறேன், கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டாம்.

நீ பலகை எழுதிய நாட்களைத்தான் அந்தத் தகட்டைப் பார்த்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாப் பலகையும் கிலோவில் இருக்க வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்தது, நம் கிடங்கில் தட்டு அடுக்கு, பாரம் தூக்கி, லிஃப்ட் எல்லாம் எங்கோ பழையதாக வாங்கிக் கொண்டுவந்து மாட்டியவை, எல்லாவற்றிலும் பவுண்டு. எழுத்து நன்றாக இருக்கும் என்று உன்னை எழுதச் சொன்னார்கள். ஒரு பில்லின் பின்பக்கம் நாலு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வந்து சமையலறையில் என் முன்னால் நீட்டினாய். இரண்டாயிரத்து இருநூறு, ஆயிரத்து ஐநூறு, ஆயிரம், ஐநூறு. எது எந்தப் பலகைக்கு என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கை ஈரமாக இருந்தது, நீ எழுத நான் சொன்னேன். சரியா போட்டியாம்மா என்றாய். நான் போட்டா தப்பாது, போடா என்றேன். தப்பவில்லை. பன்னிரண்டாம் நாள் அந்தத் தகட்டைப் பார்த்த பிறகு, கிடங்கு முழுக்க ஒரு சுற்று நடந்தேன். கடைசிச் சுவர் அடுக்கில் தொள்ளாயிரத்து தொண்ணூற்றெட்டு கிலோ என்று இருக்கிறது. நடு அடுக்கில் அறுநூற்று எண்பது. சரிவுப் பாதைப் பக்கம் இருக்கிற பாரம் தூக்கியில் இருநூற்று இருபத்தேழு. மூன்றும் உன் எழுத்து, மூன்றும் என் கணக்கு. நாலாவது நானூற்று ஐம்பத்து நாலு. அது எந்தச் சுவரிலும் இல்லை, எந்தத் தூணிலும் இல்லை. எட்டு வருடம் அந்த மூன்று எண்ணையும் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன், இன்னொன்று எங்கே என்று ஒரு நாள் தேடியதில்லை. இது என் பங்கு. இதை நான் அதிகாரியிடம் சொல்லத்தான் போகிறேன், யாரும் எனக்காக மறைக்க வேண்டாம்.

நீ அவசரத்தில் மறந்திருப்பாய், பவுண்டு என்பதை மட்டும் கிலோ என்று மாற்றிவிட்டு எண்ணை அப்படியே விட்டிருப்பாய், இருபத்திரண்டு வயதுப் பையன், அப்படித்தான் நடந்திருக்கும் என்று நாலைந்து நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தப்பு என்றால் அதோடு போயிற்று, நானும் தப்புச் செய்தவள்தான். அப்புறம் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தேன். பலகை எழுத நீ அப்பாவின் பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களை வெட்டி எண் அச்சு செய்தாயே, அவை அப்படியே இருந்தன. நாலு ஃபிலிம். மூன்றில் எண்ணின் ஓரமெல்லாம் கறுப்புப் பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருக்கிறது. நாலாவது சுத்தமாக இருக்கிறது. அப்பாவின் விலா எலும்புகளுக்கு நடுவே நானூற்று ஐம்பத்து நாலு என்று ஒழுங்காக, நேராக வெட்டியிருக்கிறாய். ஒரு சொட்டுப் பெயிண்ட் படவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னத்தப் பாக்குற என்றார் அப்பா. உங்க எக்ஸ்ரேதான் என்றேன். அதுல ஒண்ணும் இல்லன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரே என்றார். அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மற்ற மூன்று பலகையிலும் எண் அச்சு வைத்து அடித்தது. லிஃப்ட்டில் மட்டும் ஆயிரம் என்பதைப் பிரஷ்ஷால் கையால் எழுதியிருந்தாய், கடைசிப் பூஜ்யம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். பத்தொன்பது வருடத்தில் அழகாக இருக்கிறதே என்று நான் நின்று பார்த்த ஒரே எழுத்து அதுதான். ஆகவே நீ மறக்கவில்லை. சரியான எண்ணை வெட்டி எடுத்துக்கொண்டுதான் லிஃப்ட்டுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாய். அங்கே யாரோ வேண்டாம் என்றிருக்கிறார்கள். நானூற்று ஐம்பத்து நாலு என்று எழுதினால் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் லிஃப்ட் எத்தனை தடவை கூடுதலாக ஏறி இறங்க வேண்டும் என்று எனக்கே தெரிகிறதென்றால், அந்த யாரோவுக்குத் தெரியாமல் இருக்குமா. பலகை எழுதி மூன்றாம் மாதம் உனக்கு டிக்கெட் வந்தது. முதலாளியின் மைத்துனர் ஆபீஸ், நல்ல வேலை, அதிர்ஷ்டம் என்றோம். தெருவில் எல்லாருக்கும் நான்தான் இனிப்பு கொடுத்தேன். உன் தம்பி உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, முதலில் என் தராசில் வைத்து இருபத்து மூன்று கிலோ சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வண்டியில் ஏற்றினான். உன் இடத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டபோது அவனையே அனுப்பினேன்.

எனக்கு உன்மேல் கோபமா என்று நீ நினைப்பாய். தேடிப் பார்த்துவிட்டேன், கோபம் என்று எடுத்துக் காட்ட ஒன்றும் கையில் கிடைக்கவில்லை. ஊசி போட்ட இடம் மாதிரி இருக்கிறது, தொட்டால் யாரையோ தொடுவது போல. வேலை எல்லாம் சரியாக நடக்கிறது, எண் ஒன்றும் தப்பவில்லை. அந்த ஃபிலிமைச் செய்தித்தாளில் சுற்றி என் கைப்பையில் வைத்திருக்கிறேன், வேலைக்குப் போகும்போதும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். இருபதாம் தேதி அதை அதிகாரியின் மேஜையில் வைப்பேன். உன் தம்பி பார்த்தது ஆயிரம் கிலோ என்ற தகடு, அவன் கையில் இருந்தது தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு என்ற சீட்டு, அவனிடம் குறை இல்லை என்று சொல்வேன். இது யார் வெட்டியது என்று அவர் கேட்பார். உன் பெயரைச் சொல்லுவேன். என்னிடம் வேறு பெயர் இல்லை. அவர்கள் எல்லாவற்றையும் உன் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள், உன் வேலையும் போகும், என் வேலையும் போகும், இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுக்கிறாள் என்று நீ எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதில் ஒருவன் செத்துவிட்டான், அவனால் தனக்காகப் பேச முடியாது, வித்தியாசம் அவ்வளவுதான்.

மருமகளுக்கு முதுகு வலி என்றாயே, பாரம் தூக்க விடாதே, குட்டியைக்கூட உட்கார்ந்தே தூக்கச் சொல். குளிரில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். அப்பாவுக்கு இந்த மாதக் கடைசியில் மறுபடி கண் பார்க்க வேண்டும், நான் கூட்டிப்போய்க்கொள்கிறேன், நீ கவலைப்பட வேண்டாம். நீங்கள் மூன்று பேரும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும், அதை மனதார நினைக்க இப்போதும் என்னால் முடிகிறது. குட்டிக்கு என் முத்தம். அவள் இப்போது எத்தனை பவுண்டு என்று எழுது, கிலோவில் நான் போட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதே. பதினெட்டாம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும். போனில் வேண்டாம், படம் வேண்டாம், உன் கையெழுத்தில் ஒரு தாள். அதில் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், ஒரே ஒரு பெயரை எழுது. ஏணிமேல் நின்ற உன் கையிலிருந்த ஃபிலிமை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஆயிரம் என்று எழுதச் சொன்னது யார்?

உங்கள் இரண்டு பேருக்கும்,
அம்மா